மேடம்கிட்ட சொல்லிட்டேன்

காசநோய்ப் பிரிவுக்கு வருகிற ஆண்களிடம் குடிப்பழக்கம் உண்டா என்று கேட்டால் பெரும்பாலும் தரையைப் பார்ப்பார்கள். கூட வந்த மனைவி சுவரைப் பார்ப்பார். நாங்களும் ‘இல்லை’ என்று படிவத்தில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவோம். இவர் ஒருவர்தான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, கொஞ்சம் யோசித்து, முழுதாகப் பதில் சொன்னவர்.

“வாரத்துல மூணு நாளுங்க மேடம். கடை லீவு அன்னைக்குக் கொஞ்சம் கூட. கல்யாணம், சாவுன்னா அளவு கெடையாதுங்க. பீடியும் உண்டு. நீங்க அதக் கேக்கல, நானாத்தான் சொல்றேன்.”

பக்கத்தில் நின்ற அவர் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா வெட்கமா என்று தெரியவில்லை. நான் மது என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று எழுதினேன். அந்த மாதம் நான் எழுதிய ஒரே ‘ஆம்’ அதுதான்.

விராலிமலைக்கு வடக்கே நாலுவழிச் சாலை ஓரத்தில் இருந்த ஒரு பரோட்டாக் கடையில் அவர் மாஸ்டர். எங்கள் அறையிலும் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டோம். வயது நாற்பத்தைந்து இருக்கும். முழங்கைவரை எண்ணெய் தெறித்த பழைய புள்ளிகள். தோள் மட்டும் அகலமாக இருந்தது, அதற்குக் கீழே உடம்பு வற்றிப்போயிருந்தது. இரண்டு மாத இருமலைப் புகையால் வந்தது என்று நினைத்துப் பரோட்டாக் கல்லுக்கு முன்னால் நின்றே கழித்திருக்கிறார். சளியில் ரத்தம் வந்த பிறகுதான் வந்தார்.

நான் அந்தப் பிரிவில் ஒப்பந்த ஊழியராக இருந்தேன். வருகிறவர்களின் பெயரைப் பதிவது, மாத்திரை கொடுப்பது, ஆறு மாதமும் ஒருநாள் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்று பார்ப்பது. இதுதான் வேலை. பாதியில் விட்டால் நோய் மருந்துக்கு அடங்காமல் திரும்பி வரும். அதனால் யாராவது ஒருவர் கண் முன்னால் மாத்திரையை விழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. மாஸ்டர் தினமும் பஸ் ஏறி வந்து எங்கள் நர்ஸ் முன்னால் விழுங்கிவிட்டுப் போவார்.

ஒருநாள் அவர் வந்து சேரவே மதியம் ஆகிவிட்டது. என்ன ஆயிற்று என்று கேட்டேன். காலையில் பஸ்ஸில் ஏறியதும் கண்டக்டரிடம், எனக்கு டிபி இருக்கு, இருமல் வரும், ஜன்னல் ஓரமா எடம் குடுங்க என்று சொல்லியிருக்கிறார். கண்டக்டர் விசில் அடித்து அடுத்த நிறுத்தத்தில் இறக்கிவிட்டார். பின்னால் வந்த பஸ்ஸிலும் ஏறி அதையே சொல்லியிருக்கிறார். அங்கும் இறக்கிவிட்டார்கள். மூன்றாவது பஸ்ஸில் இருந்தவர் கடைசி சீட்டு ஜன்னலைத் திறந்துவிட்டு உட்காரச் சொன்னாராம். முதல் இரண்டு பேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. மூன்றாவது கண்டக்டர் எவ்வளவு நல்லவர் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்து வந்தால் போதும், ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம் என்றேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாக, பக்கத்தில் உட்காருகிறவருக்கும் பிள்ளைகுட்டி இருக்கும் இல்லையா என்று கேட்டார்.

கடை முதலாளியிடம் அவர் முதல் வாரமே சொல்லிவிட்டார். நானே வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். கொஞ்ச நாள் மருந்து சாப்பிட்டால் மற்றவருக்குத் தொற்றாது, உடம்பு சரியில்லை என்று இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டுத் திரும்பிப் போனால் வேலை இருக்கும் என்று விளக்கியிருந்தேன். “சாப்புடுற பொருளுங்க மேடம்” என்றார், அவ்வளவுதான். முதலாளி கெட்டவர் இல்லை. ஒரு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்து, இனிமேல் கடைப்பக்கம் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார். பதினெட்டு வருடம் அவர் நின்ற கல் அது.

அதோடு விட்டாரா என்றால் இல்லை. வாடிக்கையாக வந்து சாப்பிடும் லாரிக்காரர்களைச் சாலையில் நின்று மறித்து, ரெண்டு மாசமா நான் இருமிக்கிட்டே இருந்திருக்கேன், கல்லுப் பக்கத்துலயே ஒக்காந்து பேசிக்கிட்டு இருப்பீங்க, ஒரு தடவ சளியக் குடுத்துப் பாத்துருங்க என்று சொல்லியிருக்கிறார். சிலர் திட்டினார்கள். ஒருவர் மட்டும் மணப்பாறைப் பக்கத்திலிருந்து எங்கள் அறையைத் தேடி வந்தார். மாஸ்டர் சொன்னாரு என்றார். பரிசோதனையில் அவருக்கும் இருந்தது. நுரையீரல் கெடுவதற்கு முன்பே மருந்து தொடங்கினோம். அவர் இன்று நன்றாக வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

வேலை போன பிறகு மாஸ்டருக்கு ஊரிலேயே ஒரு தோட்டத்தில் மாடுகளைப் பார்த்துக்கொள்கிற வேலை கிடைத்தது. ஆனால் தினமும் ஆஸ்பத்திரிக்கு வந்துபோனால் பாதி நாள் போய்விடும். தோட்டக்காரர் முகம் சுளிக்க ஆரம்பித்திருந்தார். அந்தச் சமயத்தில்தான் வீடியோ முறை வந்தது. நோயாளி வீட்டிலேயே செல்போன் முன்னால் மாத்திரையைக் காட்டி, விழுங்கி, வாயைத் திறந்து நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அது எங்களுக்கு வந்து சேரும். நாங்கள் பார்த்துச் சரி என்று குறிக்க வேண்டும். யாரும் யாரையும் தேடிப் போக வேண்டாம். கூட்டத்தில் அதிகாரி இதைச் சொன்னபோது எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கும்தான். அதுவரை வெயிலில் ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போய் வந்துகொண்டிருந்தவள் நான். இனி நோயாளிகளின் வீட்டுக்குப் போக வேண்டியதில்லை என்பதால் பெட்ரோல் படியை நிறுத்தினார்கள். நாலு பேர் பார்த்த நோயாளிகளை இரண்டு பேர் பார்த்தால் போதும் என்று மற்ற இருவரை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மாஸ்டரிடம் பட்டன் போன்தான் இருந்தது. மனைவியின் கொலுசை விற்றுப் பழைய டச் போன் ஒன்று வாங்கி வந்தார். எந்த இடத்தில் அமுக்க வேண்டும், எவ்வளவு தூரத்தில் பிடிக்க வேண்டும் என்று அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில் அவர் கேட்டது, “அந்தப் பக்கம் நீங்கதான் இருப்பீங்களா மேடம்?” நான்தான் பார்ப்பேன் என்றேன். “அப்ப சரிங்க.”

முதல் வீடியோ இன்னும் நினைவிருக்கிறது. சட்டை மாற்றி, தலை சீவி, விபூதி பூசி உட்கார்ந்திருந்தார். வணக்கம் மேடம், சாப்டீங்களா என்று ஆரம்பித்தார். இன்றைக்கு வீட்டில் கருவாட்டுக் குழம்பு என்றார். மாட்டுக்குக் காணை நோய் வந்து மருந்து போட்டிருப்பதைச் சொன்னார். பிறகு மாத்திரைகளை ஒவ்வொன்றாகக் காட்டி விழுங்கினார். வாயைத் திறந்து காட்டினார். போயிட்டு வர்றேன் மேடம் என்று எழுந்து நின்று கும்பிட்டார். எங்கள் பரிசோதனைக்கூடத்துப் பெண்ணும் நானும் அதை இரண்டு முறை போட்டுப் பார்த்துச் சிரித்தோம். மற்றவர்கள் முகத்தைக்கூடக் காட்ட மாட்டார்கள். மாத்திரை, தண்ணீர், நாக்கு, அவ்வளவுதான். இவர் மட்டும் தினமும் என்னைப் பார்க்க வந்துபோனார்.

முதல் பத்து நாள் நான் அவர் பேச்சைக் கேட்டேன். அதைச் சொல்லிவிட வேண்டும். பிறகு நோயாளிகள் கூடிக்கொண்டே போனார்கள். ஒரே அறையில் சளி கொடுக்க வருகிறவர்கள், மாத்திரை வாங்க வருகிறவர்கள், அவர்களோடு வருகிறவர்கள். ஒருநாள் அதிகாரி வந்தபோது ஒரு நோயாளியின் பேச்சு அறை முழுக்கக் கேட்டது. ஒருவருடைய நோய் இன்னொருவர் காதில் விழலாமா என்று கண்டித்தார். அவர் சொன்னது நியாயம்தான். என்னிடம் இருந்த இயர்போன் ஒரு பக்கம் வேலை செய்யாமல் கிடந்தது. அலுவலகத்தில் கேட்டேன், அதற்கெல்லாம் நிதி இல்லை என்றார்கள். நானே வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அன்றிலிருந்து சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். வேகத்தையும் இரண்டு மடங்காக்கிக்கொண்டேன். மாத்திரை உள்ளே போகிறதா என்பதுதானே கேள்வி. அதைப் பார்க்கக் காது எதற்கு?

அந்த வேகத்தில் மாஸ்டரின் உதடுகள் படபடவென்று அசையும். கைகள் ஏதோ காட்டும். செய்திகள் வாசிப்பது மாஸ்டர் என்று பரிசோதனைக்கூடத்துப் பெண் சொல்லுவாள். நான் சிரித்துக்கொண்டே அவர் மாத்திரையைத் தூக்கும் இடத்துக்கு ஓட்டி, நாக்கைப் பார்த்து, சரி என்று அமுக்கிவிட்டு அடுத்தவருக்குப் போவேன்.

ஒருமுறை போன் செய்தார். நான் மாதக் கூட்டத்தில் இருந்தேன். சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவதால் நாளை கொஞ்சம் தாமதமாகத்தான் மாத்திரை போடுவேன் என்று சொல்லவே கூப்பிட்டிருந்தார். நான் தாழ்ந்த குரலில், “மாஸ்டர், எதுவா இருந்தாலும் வீடியோவுலயே சொல்லிருங்க. போன் பண்ண வேணாம்” என்று வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் போன் செய்யவே இல்லை. சொன்னால் கேட்கிற மனிதர்.

இரண்டாவது மாதக் கடைசியில் மூன்று நாள் அவர் வீடியோ வரவில்லை. பட்டியலில் அவர் பெயர் சிவப்பாக மாறியது. ஒருநாள்கூடத் தவறாதவர் என்பதால் முதல் நாள் சிக்னல் இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் போன் செய்தேன், அணைத்து வைக்கப்பட்டிருந்தது. மூன்றாம் நாள் அறை வேலையே சரியாக இருந்தது. நான்காம் நாள் என் செலவில் பெட்ரோல் போட்டுக்கொண்டு கிளம்பினேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், மஞ்சக்காமாலை முத்தித் திருச்சிப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாக என்றார்.

நான் அன்றே திருச்சிக்குப் போனேன். வார்டில் அவர் மனைவி கட்டில் காலருகே தரையில் உட்கார்ந்திருந்தார். மாஸ்டரின் கண்கள் மஞ்சள் கிழங்கு மாதிரி இருந்தன. வயிறு ஊதியிருந்தது. மருந்து ஈரலைத் தாக்கிவிட்டது, உடனே நிறுத்தியிருக்க வேண்டும், ரொம்பத் தாமதம் என்று பயிற்சி டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். சிலருக்கு இந்த மாத்திரைகள் அப்படிச் செய்யும். குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த அபாயம் கூடுதல். எங்களுக்கு அது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுத்த பாடம். வாந்தி, பசியின்மை, அரிப்பு, கண் மஞ்சள் என்று யாராவது சொன்னால் அடுத்த வேளை மாத்திரையை நிறுத்திவிட்டு டாக்டரிடம் அனுப்ப வேண்டும்.

புத்தி தெளிவாக இல்லை, ஆளை அடையாளம் தெரியவில்லை என்று மனைவி சொன்னார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போய், மாஸ்டர், நான்தான் என்றேன். வெகுநேரம் என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாக வாயைத் திறந்தார். நாக்கைத் தூக்கிக் காட்டினார். அப்படியே வைத்திருந்தார். “போதும் மாஸ்டர், மூடிக்கங்க” என்று நான் சொல்லும்வரை மூடவில்லை. மனைவிக்கு அது என்னவென்று புரியவில்லை. தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்துப் பாட்டிலைத் திறந்தார்.

இரண்டு நாள் கழித்து இறந்துபோனார்.

ஒரு நோயாளி இறந்தால் கோப்பை மூட வேண்டும். மூடுவதற்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மதியம், எல்லோரும் போன பிறகு, அறைக் கதவைச் சாத்திவிட்டு அவர் வீடியோக்களைச் சத்தத்தோடு போட்டுக் கேட்டேன். அவர் எனக்குச் சொல்லாமல் எதையும் செய்திருக்கவில்லை.

ஒருநாள், நேற்று அண்ணன் மகன் காதுகுத்தில் ஒரு கோட்டர் போட்டுட்டேன் மேடம், இனி மாட்டேன், மன்னிச்சுக்கங்க என்கிறார். அடுத்த நாள், மன்னித்ததற்கு நன்றி என்கிறார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. நான் சரி என்று அமுக்கினால் நோயாளியின் போனுக்குத் தானாகவே ஒரு செய்தி போகும். ‘உங்கள் வீடியோவைப் பார்த்தோம். மிக நன்று. தவறாமல் தொடர்ந்து மருந்து சாப்பிடுங்கள்.’ எல்லோருக்கும் எல்லா நாளும் ஒரே செய்தி. மாஸ்டர் அதை நான் எழுதும் பதில் என்று நினைத்திருந்தார். முதல் பத்து நாள் அவர் பேச்சை நான் கேட்டேன் இல்லையா, அந்த நாட்களில் அவர் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருத்தியிருப்பேன்.

அதன் பிறகு பசியில்லை என்கிறார். சோற்றைப் பார்த்தாலே குமட்டுகிறது, மெடிக்கலில் கேட்டேன், பித்தம் என்று மாத்திரை கொடுத்தார்கள் என்கிறார். இன்னொரு நாள் சிறுநீர் கறுத்துப் போகிறது, ஆனால் நீங்கள்தான் முதலிலேயே சிவப்பாகப் போகும், பயப்படாதீங்க என்று சொல்லியிருக்கிறீர்களே, அதனால் பயப்படவில்லை என்கிறார். நான் சொன்னது உண்மைதான். இந்த மாத்திரை சாப்பிட்டால் எல்லோருக்கும் சிவப்பாகத்தான் போகும். கறுத்துப் போவது வேறு. அந்த வித்தியாசத்தை நான் சொல்லியிருக்கவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறது என்று சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டுகிறார், நகக் கீறல்கள் தெரிகின்றன.

ஒரு வீடியோவில் அவர் முகம் பெரிதாகிக்கொண்டே வந்து திரை முழுக்க ஒரு கண் மட்டும் தெரியும். அதை நான் முன்பே பார்த்திருந்தேன். போன் கை நழுவுகிறது என்று நினைத்து ஓட்டிவிட்டேன். இப்போது குரல் கேட்டது. “எங்க வீட்ல கண்ணு மஞ்சளா இருக்குன்னு சொல்லுதுக. எனக்குக் கண்ணாடியில தெரியல. நீங்க பாத்துச் சொல்லுங்க மேடம்.”

அன்றைக்கும் மிக நன்று என்றுதான் பதில் போயிருக்கிறது.

கடைசி வீடியோவில் அவருக்குப் பின்னால் மனைவியின் குரல் கேட்கிறது. இந்த மாத்திரையைப் போடாதீங்க, இதுதான் உங்களை என்னமோ பண்ணுது என்று அழுகிறார். மாஸ்டர் திரும்பிப் பார்த்து, மூச்சு வாங்கிக்கொண்டே சொல்கிறார். “மேடம்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். தொடர்ந்து சாப்பிடச் சொல்லிருக்காக. அவுகளுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப்போகுது?” பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு விழுங்கினார். பாதி தண்ணீர் வெளியே வந்துவிட்டது. மாத்திரை வெளியே வரவில்லை என்று காட்ட விரலால் உதட்டை விலக்கிக்கொண்டு நாக்கைத் தூக்கினார்.

இறப்புக்கான காரணத்தை விசாரித்து எழுத வேண்டும். அதிகாரி கோப்பைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் சேரும்வரை மருந்து ஒருநாளும் தவறவில்லை. நோயாளி தெரிவித்த பக்கவிளைவுகள் என்ற இடம் காலியாக இருந்தது, அதை நிரப்ப வேண்டியவள் நான். மது என்ற கட்டத்தில் ‘ஆம்’ என்று இருந்தது. அது போதும் என்றார். குடிப்பழக்கத்தால் ஈரல் பாதிப்பு என்று எழுதச் சொன்னார். நான் எழுதினேன். மற்றவர்களைப் போல அவரும் தரையைப் பார்த்திருந்தால் நாங்கள் வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும். கோப்பை மூடியதும் வீடியோக்கள் என் கணினியிலிருந்து போய்விட்டன. அந்த மாத அறிக்கையில் எங்கள் பிரிவின் செலவு குறைந்திருப்பதைப் பாராட்டி ஒரு வரி இருந்தது.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த பிறகு அவர் மனைவி வந்தார். மீந்த மாத்திரைகளை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வேற யாருக்காச்சும் ஆகும் என்றார். நான் வாங்கி மேசை மேல் வைத்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

அவருக்கும் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்றேன். செய்யலாம் என்றார். பிறகு மாஸ்டர் அனுப்பிய வீடியோப் படங்களை ஒருதரம் காட்ட முடியுமா, குரலைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது என்று கேட்டார். கோப்பை மூடியதும் எல்லாம் அழிந்துவிட்டன என்று சொன்னேன். அன்று நான் அவரிடம் சொன்னதில் அது ஒன்றுதான் உண்மை.

அவர் மேசையைப் பிடித்துக்கொண்டார்.

“ஒரு வாட்டி கேட்டுட்டுப் போயிரலாம்னுதான் வந்தேன் மேடம். வாந்தி எடுத்தது, கண்ணு மஞ்சளானது எல்லாம் அவுக ஒங்ககிட்டச் சொன்னாகளா?”

அறையில் யாரும் இல்லை. பரிசோதனைக்கூடத்துப் பெண் சாப்பிடப் போயிருந்தாள். ஒப்பந்தம் புதுப்பிக்கிற மாதம் அது. எனக்கு அப்போது திருமணமாகி ஆறு மாதம், வீட்டுக்காரருக்கு வேலை இல்லை. இதையெல்லாம் அந்த நொடியில் யோசித்தேனா என்று கேட்டால் இல்லை. யோசிக்காமலே வந்துவிட்டது.

“இல்லக்கா. எங்கிட்ட ஒண்ணும் சொல்லல.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நம்பாமல் பார்க்கவில்லை. நம்பித்தான் பார்த்தார்.

“மேடம்கிட்ட சொல்லிட்டேன், சொல்லிட்டேன்னு தெனமும் சொன்னாகளே.”

நான் சளி டப்பாவை எடுத்து அவர் பெயரை எழுதினேன்.

“அப்ப எங்கிட்டப் பொய் சொல்லிருக்காக” என்றார். “இருவத்திரண்டு வருசத்துல பொய்யே சொன்னதில்ல மேடம். குடிச்சுட்டு வந்தாக்கூட வாசல்லயே நின்னு சொல்லுவாக. என்னத்துக்கு இத மறைச்சாகன்னு தெரியலையே. சொல்லிருந்தா நீங்க நிறுத்தச் சொல்லிருப்பீங்கள்ல?”

“ஆமாக்கா” என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம் தெரிந்தது. எங்களை விட்டுட்டுப் போறதுன்னு முடிவு பண்ணிருந்தா அதையாச்சும் சொல்லிட்டுப் போயிருக்கலாம் என்று யாரிடமோ சொல்வது போலச் சொல்லிவிட்டு, பரிசோதனைக்குச் சளி கொடுக்கும் டப்பாவை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

அவருக்கு நோய் இல்லை என்று முடிவு வந்தது. அதனால் மறுபடி எங்கள் அறைக்கு வர வேண்டிய தேவை இருக்கவில்லை. அடுத்த வருடம் நான் அந்த வேலையை விட்டுத் திருச்சியில் ஒரு தனியார் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். விராலிமலையைத் தாண்டிப் போகும்போது ஓரிரு முறை அந்த ஊர்ப் பாதையில் திரும்பலாம் என்று நினைத்திருக்கிறேன். திரும்பியதில்லை. வீட்டில் மாஸ்டரின் படத்தை மாட்டவில்லை, கேட்டால் அந்தப் பொய்யைத்தான் மனைவி சொல்லிச் சொல்லி அழுகிறார் என்று அந்த மணப்பாறை லாரிக்காரர் ஒருமுறை என்னிடம் சொன்னார். அவரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை.